இல்லத்துப் பெண்ணுக்குச் சொந்த நம்பர் கொடுக்கலாமா?

கரிசல்காரி:
தென்மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் நான்கு வருடமாக, பிள்ளைகளின் கோப்புகளைக் கவனிக்கும் கேஸ் ஒர்க்கராக இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. பதினோரு வயதில் வந்தவள். பிற்காப்பில் (18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கான உதவி) சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, நர்சிங் படிக்கவைக்க ஏற்பாடு நடக்கிறது. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, வெளிய போனப்புறம் உங்க சொந்த நம்பர் தருவீங்களா? தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வரட்டா?" என்று கேட்டாள். ஆபீஸ் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அதை அவள் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் கூடவே கூடாது என்றுவிட்டார். எனக்குக் கொடுக்கத்தான் மனது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அறுந்த செருப்போடு கிளம்பினாள். பார்க்கப் பொறுக்காமல் என் காசில் 350 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இதெல்லாம் தப்பா?

வேப்பங்காய்:
நம்பர் கொடுக்காதீர்கள். செருப்பும் தப்புதான். 350 ரூபாய் பெரிதில்லை, "யாருக்கும் சொல்லவில்லை" என்றீர்களே, அதுதான் பெரிது. செருப்பு அறுந்தால் வாங்கித் தரவேண்டியது இல்லத்தின் பொறுப்பு. பதிவேட்டில் எழுதி வாங்கியிருந்தால் அது அவளுக்குச் சேரவேண்டிய பொருள். ஒளித்துக் கொடுத்ததால் உங்கள் கருணையாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? யார் தட்டில் எத்தனை அப்பளம் விழுந்தது என்பது வரை இல்லத்துப் பிள்ளைகளிடம் கணக்கு இருக்கும்.

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பு படித்தவர்கள் எல்லோரும், உதவி தேடி வருகிறவரோடு எப்படிப் பழகவேண்டும் என்று பீஸ்டெக் எழுதிய ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்துதான் பாஸ் ஆகியிருப்போம். அதில் ஒன்று, கட்டுக்குள் வைத்த உணர்வு ஈடுபாடு. ஈடுபாடே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மனிதர் ஒரு பாதிரியார், இரக்கம் தெரியாதவர் அல்ல. நாம்தான் "கட்டுக்குள்" என்ற பாதியைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்புறம் உங்கள் ஒப்பந்தம். அடுத்த வருடம் புதுப்பிக்கவில்லை என்றால் வேறு ஊர், வேறு வேலை என்று போய்விடுவீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால் அதற்கு யார் பொறுப்பு? முதலில் இந்த "அக்கா"வை விடுங்கள். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டாலே பாதி வாக்குக் கொடுத்த மாதிரிதான்.

ராத்திரி டூட்டி:
சாருக்கு வணக்கம். நான் அதிகம் படிக்காதவள், பன்னிரண்டு வருடமாக ஹவுஸ் மதர். காய்கறி விற்கிறவரை அக்கா என்கிறோம், கண்டக்டரை அண்ணே என்கிறோம். வேறு எப்படித்தான் கூப்பிடுவது? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலில் பிதற்றுகிற ஏழு வயசுப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்கிறது. "நான் அம்மா இல்லை, ஊழியர்" என்று சொல்லவா? நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஏழு கொள்கையில் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது சார்.

ஆனால் தங்கச்சி, நானும் யாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. என் வீட்டில் என் மகள் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "அம்மா" என்று கூப்பிட்டு என் முகத்தைப் பார்க்கும் நிலைமை எனக்கு வேண்டாம். நம்பர் மட்டும் நாலைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ரசத்தில் புளி கூடிப்போச்சு, என்ன செய்ய என்றுதான்.

வேப்பங்காய்:
காய்கறிக்கார அக்காவிடம் யாரும் "தீபாவளிக்கு வரட்டா" என்று கேட்பதில்லை அம்மா. சொல் ஒன்றுதான். கேட்கிற பிள்ளைக்கு வேறு அக்கா இருக்கிறாளா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

கேக் வேண்டாம்:
ஊழியர்கள் எல்லை காக்கவேண்டுமாம், நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முன்பின் தெரியாத குடும்பம் பிரியாணிப் பொட்டலமும் கேக்குமாக வந்து இறங்குகிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிறந்தநாள் பாட்டுப் பாடவைத்து, தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்து, அன்றைக்கே முகநூலிலும் போட்டுவிடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவு இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடவே கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இதைக் கேக் வெட்டுகிறவரிடம் போய் யார் சொல்வது? அடுத்த மாத அரிசி மூட்டை அவர் தருவதாயிற்றே.

வேப்பங்காய்:
நியாயமான ஆத்திரம். தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

பிரிவு எண்:
இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். இன்றைக்கு அவள் சட்டப்படி குழந்தை, குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவில் இல்லத்தில் இருப்பவள். குழுவுக்குத் தெரியாமல் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் தங்கவைத்து ஏதாவது ஆகிவிட்டால், "நல்ல மனசோடுதான் செய்தேன்" என்பது பதிலாகாது. 18 முடிந்தபின் அவள் வயதுவந்த பெண். யாரோடு பேசுவது என்பதை அவளே முடிவு செய்யலாம். ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பிற்காப்பு 21 வயது வரை உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. அதற்காக அவளைப் பற்றி யாரோ ஒருவர் தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

நம்பரை விட எனக்குப் பயம் தருவது, "என்கிட்ட சொல்லு, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது. பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை வாய்திறந்தால் போக்சோ 19-வது பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியே தீரவேண்டும். மறைத்தால் 21-வது பிரிவில் நமக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. அக்கா என்று நம்பிச் சொன்னவளுக்கு அது துரோகமாகத்தான் தெரியும். எதை மறைக்க முடியும், எதை முடியாது என்று முதல் நாளே சொல்லிவைக்கிற கேஸ் ஒர்க்கர் எத்தனை பேர்?

கட்டில் 17:
நான் இல்லத்தில் வளர்ந்தவன். ஒன்பது வருடத்தில் ஏழு கேஸ் ஒர்க்கர்கள். முதல் இரண்டு பேரை அக்கா என்றேன். மூன்றாமவர் வந்தபோது மிஸ் என்றேன். அப்புறம் பெயர் கேட்பதையே விட்டுவிட்டேன். ஒருத்தரும் கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை போனால் நாற்காலியில் வேறு ஆள் இருப்பார், அவ்வளவுதான்.

இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் எங்கள் சமையல்கார அம்மா. பொங்கலன்று காலையில் "பால் பொங்கிருச்சாப்பா?" என்பார். நான் இருப்பது மேன்ஷன் ரூம், அடுப்பே கிடையாது. பொங்கிருச்சும்மா என்பேன். அவருக்கு எல்லை பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை, வேப்பங்காய் சார்.

வேப்பங்காய்:
தம்பி, அந்த அம்மாவை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதினாரா? கேஸ் ஒர்க்கர் எழுதுவார். தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழுவுக்குப் போகும் அறிக்கை, நடத்தைக் குறிப்பு எல்லாம் அவர் கையெழுத்து. சொந்தக்காரர் வந்து கேட்டால் அனுப்பலாமா, படிப்பைத் தொடரலாமா, எல்லாவற்றுக்கும் அந்தப் பேனாதான் ஆரம்பம். எழுதுகிற கையே தலையையும் தடவினால் பிள்ளை எதை நம்பும்? அந்தக் கை கோணாமல் நடந்துகொள்ளத்தான் பழகும். நான் எல்லை என்பது இதைத்தான். பாசத்துக்கு நான் எதிரி இல்லை.

கட்டில் 17:
அது உண்மை. அக்காவை எனக்குப் பிடிக்குமா என்று நான் யோசித்ததே கிடையாது. அக்காவுக்கு என்னைப் பிடிக்கவேண்டும், அது மட்டும் தெரியும்.

ஆனால் ஏழு பேரும் சொல்லாமல் போனார்களே சார். போகிற தேதியைச் சொல்வது எந்தக் கொள்கைக்கு விரோதம்?

வேப்பங்காய்:
எதற்கும் இல்லை. பிள்ளைகள் அழுவதைப் பார்க்கப் பயம். நானும் அப்படி இரண்டு இல்லங்களிலிருந்து போயிருக்கிறேன். அதற்கும் எல்லை என்றுதான் பெயர் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி டூட்டி:
பேனாதான் பிரச்சினை என்றால் பேனாவைக் கை மாற்றிவிட்டால் போச்சு. வெளியே போனபின் அவளைப் பற்றி எழுதுகிற வேலையை வேறு ஒருத்தர் பார்க்கட்டும். அதற்கப்புறம் தங்கச்சி நம்பர் கொடுத்தால் யாருக்கு என்ன?

பிரிவு எண்:
தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

வேப்பங்காய்:
கோப்பு மாறலாம். அவள் மனசில் நீங்கள் அதே அக்காதான். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

கரிசல்காரி:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கண்காணிப்பாளரிடம் செருப்பு விஷயத்தைச் சொன்னேன். முறைத்தார். எழுதிக் கொடு என்றார், கொடுத்துவிட்டேன். பிற்காப்புக் கோப்பை இன்னொரு கேஸ் ஒர்க்கருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு, "இது நல்ல யோசனையாத்தான் இருக்கு, யார் சொன்னது?" என்றார். சொல்லவில்லை.

நேற்று அவளை உட்காரவைத்துப் பேசினேன். தீபாவளிக்கு வீட்டுக்கு அழைக்க முடியாது. நம்பர் தருவேன், ஆனால் 18 முடிந்து, கோப்பு கை மாறிய பிறகு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுக்கமாட்டேன், அவசரம் என்றால் விடுதி வார்டன், இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181. என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று எனக்கே தெரியாது, போவதாக இருந்தால் தேதி சொல்லிவிட்டுத்தான் போவேன். கட்டில் 17 தம்பி, அந்தக் கடைசி வரி உங்களால்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இனிமே நீங்க என்னப் பத்தி எழுதமாட்டீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்லட்டா அக்கா? அந்தச் செருப்பு எனக்குச் சின்னது. பரீட்ச முழுக்கக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

வேப்பங்காய்:
பதிவேட்டில் எழுதி வாங்கியிருந்தால் சைஸ் கேட்டிருப்பார்கள்.