ஏப்ரல் மாதக் கோவில் விளக்குகளும் பாரோ பெட்ரல் குஞ்சுகளும்: எதை மாற்ற வேண்டும்?

கோபுரவாசல் (சேன்-லூயி, இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்)
வணக்கம். எங்கள் கோபுரத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஆறு எல்இடி ஃபிளட்லைட் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் 100 வாட், பளிச்சென்ற வெள்ளை, 6000 கெல்வின் (இந்த எண் கூடக்கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்). ஏப்ரல் 14 புத்தாண்டு, அதையொட்டித் திருவிழா வேலைகள். அதே மாதம்தான் மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் 'தாய்-வான்' (taille-vent, பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் உள்ளூர்ப் பெயர்) குஞ்சுகளுக்காக விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். நிர்வாகக் குழுவில் மூன்று கேள்விகள்: இரவு ஒரு மணிக்கு அணைத்துவிட்டால் போதாதா, சட்டமே அதைத்தானே சொல்கிறது? பல்பை மஞ்சளாக மாற்றினால் சரியாகிவிடுமா? வளாகத்தில் பறவை விழுந்தால் காலையில் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

மலைமுகடு
முதல் கேள்விக்கு: போதாது. கட்டடங்களுக்கு அடிக்கும் அலங்கார விளக்கை ஒரு மணிக்குள் அணைக்கச் சொல்வது 2018 டிசம்பர் 27 பிரெஞ்சு ஆணை. அது இந்தப் பறவையின் நேரத்தைப் பார்த்து எழுதியதல்ல. ஏப்ரலில் இங்கே ஆறு மணிவாக்கில் சூரியன் மறைகிறது. குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டிய முதல் சில மணி நேரத்திலேயே கிளம்பிவிடும். ஒரு மணிக்கு அணைத்தால் விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிந்திருக்கும். உங்களுக்குத் தேவை மாலை ஆறரையிலிருந்து இருட்டு.

பாரோ பெட்ரல் ரீயூனியனைத் தவிர உலகத்தில் வேறெங்கும் முட்டையிடுவதில்லை. பித்தோன் தெ நேஜ், கிரான் பெனார் முகடுகளில், 2,000 மீட்டருக்கு மேலே, குட்டையான மலைப்புதருக்கு அடியில் வளை தோண்டி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. பூனையும் எலியும் அங்கேயே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. தப்பிய குஞ்சு வழிகாட்ட யாருமில்லாமல் முதல் தடவையாகக் கடலைத் தேடி இறங்கும்போது, நடுவில் நம் கரையோர ஊர்களின் வெளிச்சம். 1996 முதல் 1999 வரை நடந்த ஆய்வில் விளக்குகளால் ஈர்க்கப்பட்டு விழுந்த கடற்பறவைகள் 2,348. பெரும்பான்மை பாரோ பெட்ரல்; 94 சதவீதம் முதல் பறத்தலுக்குக் கிளம்பிய குஞ்சுகள். ஒவ்வொரு ஆண்டும் வளையை விட்டு வெளிவரும் பாரோ குஞ்சுகளில் 20 முதல் 40 சதவீதம் விளக்கில் மாட்டுகின்றன என்பது அந்த ஆய்வின் கணிப்பு. வருடத்துக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு இது தாங்காத இழப்பு.

பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விழுவது குறையும், அமாவாசையை ஒட்டிக் கூடும். புத்தாண்டு தேய்பிறைக் கடைசியில் வந்தால் அந்த வருடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

மின்பணி974
நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. முதலில் திசை, பிறகு மறைப்பு, பிறகு அளவு. நிறம் கடைசி.

கீழிருந்து மேலே அடிக்கும் விளக்குதான் மிக மோசம், சுவரில் படாத மிச்சமெல்லாம் வானத்துக்குப் போகிறது. கோபுரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் மேல் விளிம்பில் கீழ்நோக்கிய குறுகிய கற்றை விளக்கைப் பொருத்துங்கள். அருகிலிருந்து அடிப்பதால் 10 வாட்டே சிற்பத்தைத் தெளிவாகக் காட்டும். கண்ணாடி முகம் தரைக்கு இணையாக இருக்கட்டும். சற்றே சாய்த்தாலும் மலைப்பக்கத்திலிருந்து நேரடியாகக் கண்ணில் அடிக்கும். கோபுரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தால் பிரதிபலிப்பும் சேரும், அப்போது இன்னும் குறைக்கலாம்.

நிறத்தில், 3000 கெல்வின் 'வார்ம் வைட்' சட்டப்படி சரி, ஆனால் அதிலும் நீலம் இருக்கிறது. ஆம்பர் எல்இடி, 2200 கெல்வினுக்குக் கீழே என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் ஷேர்வாட்டர் பறவைகளிடம் ஒப்பிட்டதில் மெட்டல் ஹாலைடு அதிகம் இழுத்தது, சோடியம் விளக்கு குறைவாக இழுத்தது, வெள்ளை எல்இடி நடுவில். குறைவாக என்றால் இல்லவே இல்லை என்று பொருளல்ல. பழைய விளக்கில் மஞ்சள் செலோஃபேன் தாள் சுற்றாதீர்கள்: சூட்டில் சுருங்கும், வெயிலில் வெளுக்கும், சில நாளில் மறுபடி வெள்ளை.

கோபுரம், கார் நிறுத்துமிடம், அன்னதானப் பந்தல் மூன்றுக்கும் தனித்தனி பிரேக்கர் போடுங்கள். எல்லாம் ஒரே லைனில் இருந்தால் பந்தலுக்காகக் கோபுரமும் எரியும். அவசர வழி விளக்குகளைத் தொடக்கூடாது. சாதாரண டைமர் மின்வெட்டுக்குப் பிறகு பின்தங்கிவிடும். சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும், பேட்டரி உள்ள டைமர் வாங்குங்கள். எல்லாம் முடிந்ததும் இருட்டியபின் மேட்டுச்சாலைக்குப் போய்க் கோவிலைப் பாருங்கள். பல்பே கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை.

கடலோரக்கூடு
மூன்றாவது கேள்வி. கடற்கரையில் விடாதீர்கள், மேலே தூக்கி எறியவும் கூடாது. நீண்ட ஒடுக்கமான இறக்கை, கால்கள் உடலின் பின்பகுதியில். சமதரையிலிருந்து எழும்ப முடியாது. அலை திருப்பித் தள்ளும், நாய் பிடிக்கும், உள்காயம் இருந்தால் வெளியில் தெரியாது.

துண்டைப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு சேர்த்து இரு கையாலும் எடுங்கள். அலகு நுனி கொக்கி போன்றது, முகத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, ஏறத்தாழ 40க்கு 30 சென்டிமீட்டர், அடியில் பருத்தித் துணி. கம்பிக்கூண்டு இறகைக் கிழிக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு பறவைதான்: பயந்தால் எண்ணெய் கக்கும், அது இறகில் பட்டால் நீர் ஒட்டாத தன்மை போய்விடும். சோறு, மீன், தண்ணீர் எதுவும் வேண்டாம். இருட்டான, சந்தடியில்லாத இடத்தில் வைத்து உடனே ரீயூனியனின் பறவை ஆய்வு, மீட்பு அமைப்பான செயோரை (SEOR) கூப்பிடுங்கள். அவர்கள் பரிசோதித்து, காலில் வளையம் மாட்டி, கடலைப் பார்த்த உயரத்திலிருந்து விடுவார்கள். மேலே சொன்ன அந்த 2,348இல் சுமார் 90 சதவீதம் இப்படித்தான் திரும்பிப் பறந்தன.

பெட்டி மேல் தேதி, நேரம், எந்த விளக்கின் அடியில் என்று எழுதுங்கள். எந்த விளக்கை முதலில் மாற்றுவது என்பது இந்தக் குறிப்பிலிருந்துதான் தெரியும். பாரோவுக்கு நெற்றியும் வயிறும் வெள்ளை. முழுக்கக் கருமையாக இருந்தால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். அது கரும்பெட்ரலாக இருக்கலாம், அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

கோபுரவாசல்
மிக்க நன்றி. குருக்கள் கேட்கிறார்: அகல்விளக்கு, கற்பூரம், தீபாராதனை இவற்றுக்கும் தடை உண்டா? தேர் இரவு எட்டு மணிக்குப் புறப்படுகிறது.

மலைமுகடு
தாராளமாக ஏற்றுங்கள், அகல் வெளிச்சம் மலைவரை எட்டாது. தேரை நான்கரைக்குப் புறப்படச் செய்து ஆறரைக்குள் நிலைக்குக் கொண்டுவர முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் தேரின் சீரியல் பல்புகளைக் கூரைக்கு உட்புறம் கட்டுங்கள், ஜெனரேட்டர் வண்டியின் ஃபோகஸ் விளக்கைக் கழற்றிவிடுங்கள். வானத்தில் அடிக்கும் லேசரும் சுழல்விளக்கும் அந்த மாதம் முழுக்க வேண்டாம். தேர் திரும்பியதும் இரண்டு பேர் டார்ச்சோடு மதிலோரம், கார்களுக்கு அடியில், செடி மறைவில் பார்க்கட்டும். விழுந்த குஞ்சு சத்தம் போடாமல் இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். காரை எடுப்பதற்கு முன்பே தேடிவிடுங்கள்.