ஆர்பாக் என்ற பெயரோடு என் பழக்கம்

அமெரிக்க இயற்பியலாளர் ரேமண்ட் ஆர்பாக்கை நான் நேரில் பார்த்ததில்லை. அந்தப் பெயர் எனக்கு முதலில் அறிமுகமானது ஒரு கிராஃபில். முனைவர் பட்ட ஆய்வுக்காக டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகம் கலந்த ஒரு சேர்மத்தை ஹீலியம் குளிரில் வைத்து, அதன் காந்தமாக்கம் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்று அளந்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராகப் போட்டால், சூடான பக்கத்தில் புள்ளிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஏறிவரும். குளிர் கூடக்கூட வளைந்து படுத்துவிடும். நேராக இருந்த பகுதியில் கைடு பென்சிலை வைத்து, “இது ஆர்பாக்” என்றார்.

அவர் பெயரால் அழைக்கப்படும் தளர்வு முறை இதுதான்: படிகத்தின் அதிர்விலிருந்து ஒரு ஃபோனானை, அதாவது அதிர்வு ஆற்றலின் ஒரு சிறு பொட்டலத்தை, வாங்கிக்கொண்டு காந்த அயனி மேல் ஆற்றல் மட்டத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து வேறொரு ஃபோனானை வெளிவிட்டு, எதிர்த்திசை ஸ்பின் நிலைக்கு, அதாவது தன் நுண்காந்தம் எதிர்ப்பக்கம் திரும்பிய நிலைக்கு, இறங்குகிறது. அந்த மேல்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கோட்டின் சாய்வே சொல்லிவிடும். பெர்க்லியில் பிஎச்.டி. முடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன ஆர்பாக், இருபதுகளில் இருக்கும்போதே, 1961-ல் இதை எழுதினார். ஒரே மூலக்கூறு தனிக் காந்தமாக நடந்துகொள்ளும் ஒற்றை மூலக்கூறு காந்தங்களில் வேலை செய்யும் யாரும் இன்றுவரை அதைத் தவிர்க்க முடியாது.

அப்புறம் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் படித்த ஒருவர் எங்கள் குழுவுக்கு வந்தார். அவருக்கு அதே பெயர் தன் பல்கலைக்கழகத் தலைவராகத்தான் தெரியும். 1992 முதல் 2002 வரை ஆர்பாக் அங்கே சான்சலர். நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர். அந்தப் பத்தாண்டில் மாணவர் எண்ணிக்கை 9,000-க்கும் கீழிருந்து 14,000-ஐத் தாண்டியது. இவ்வளவு வேலைக்கு நடுவிலும் குளிர்காலப் பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் பாடம் எடுத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இதைக் கேட்டபோதுதான். பதவிக்குப் போனவுடன் வகுப்பறைப் பக்கமே வராதவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன்பும் அப்படித்தான். 1982-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் புரோவோஸ்ட் என்ற கல்வி நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார்; அதே ஆண்டுதான் இயற்பியலாளர் ஷ்லோமோ அலெக்சாந்தருடன் சேர்ந்து எழுதிய, ஃபிராக்டன் (ஃபிராக்டல் அமைப்புகளில் எழும் அதிர்வு) பற்றிய கட்டுரையும் வெளிவந்தது.

2002-ல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கு இயக்குநரானார். பத்து தேசிய ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது. அங்கே அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது 2003-ல் வந்த இருபதாண்டுத் திட்டம். அடுத்து கட்ட வேண்டிய 28 ஆய்வு வசதிகளை எடுத்துக்கொண்டு, எது முதலில், எது பிறகு என்று வெளிப்படையாக வரிசை போட்டார்கள். அணுக்கரு இணைவுக்கான ஈட்டர் உலை முதலிடம், சூப்பர்கம்ப்யூட்டர் வசதி இரண்டாமிடம். எல்லாமே முக்கியம் என்று எழுதிவிட்டால் எந்தத் துறைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பணம் குறையும்போது எதை விடுவது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று வரிசை சொல்ல ஒருவர் வேண்டும்.

2006-ல் அறிவியலுக்கான துணைச் செயலர் என்ற புதுப் பதவிக்கு முதல் ஆளாக வந்தார். அந்த நவம்பரில் பாரிஸில் ஈட்டர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமெரிக்கா சார்பில் ஒப்பமிட்டவர் அவர்தான். ஏழு உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று என்பதால் எங்கள் துறையிலும் அந்தச் செய்தி சுற்றியது. கிராஃபில் பார்த்த அதே ஆள்தானா என்று ஜூனியர்கள் கேட்டார்கள்.

2009-ல் அரசுப் பணி முடிந்து, ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக எரிசக்தி நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். அதையும் விட்ட பிறகு, எண்பது வயதைத் தாண்டியும் ஸ்பின் கிளாஸ் (ஸ்பின்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துபோகும் காந்தப் பொருள்) கட்டுரைகளில் அவர் பெயர் வந்துகொண்டிருந்தது. செம்பும் மாங்கனீசும் கலந்த, சில நானோமீட்டரே தடிமனான படலங்களில் தளர்வு எப்படி மெதுவாகிறது என்று அளந்த கட்டுரைகள் அவை. காந்தத் தளர்வு படிக்க வரும் மாணவர்களுக்கு 1961 கட்டுரையோடு இவற்றையும் சேர்த்தே கொடுக்கிறேன்.