‘ரெட்யூஸ்டு பீம் செக்‌ஷன்’: ‘உடுக்கை வெட்டு’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

எஃகு உத்திரத்தின் முனையருகே தகட்டின் ஓரங்களை வேண்டுமென்றே வெட்டி மெலியவைக்கும் முறை ஒன்று உண்டு. நிலநடுக்கப் பொறியியலில் அதற்குப் பெயரான ‘ரெட்யூஸ்டு பீம் செக்‌ஷன்’ என்பதற்கு இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்துள்ளன: ‘குறைக்கப்பட்ட உத்திர வெட்டுமுகம்’, ‘நாயெலும்பு இணைப்பு’. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் முன்வைப்பது ‘உடுக்கை வெட்டு’. அந்த வெட்டு எதற்காக வந்தது என்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் தெரியும்.

1994 ஜனவரி 17 விடிகாலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. உத்திரத்தைத் தூணோடு பற்றவைத்துக் கட்டிய எஃகுச் சட்டகக் கட்டடங்கள் எதுவும் இடிந்து விழவில்லை. எஃகு வளையும், உடையாது என்ற பழைய நம்பிக்கை பலித்துவிட்டது போலத்தான் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து, உள்ளலங்காரத்தையும் தீக்காப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 100க்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்திரமும் தூணும் சேரும் இடம் விரிசல் விட்டிருந்தது. சிலவற்றில் விரிசல் தூணுக்குள்ளேயே புகுந்திருந்தது. பல இடங்களில் உத்திரம் வளைந்ததற்கான அடையாளமே இல்லை.

இந்த உத்திரங்கள் ‘I’ வடிவில் இருக்கும்: மேலும் கீழும் கிடைத்தகடுகள், அவற்றை இணைத்து நிற்கும் நடுத்தகடு. பெரும்பாலும் விரிசல் தொடங்கியது உத்திரத்தின் கீழ்த்தகட்டுப் பற்றவைப்பில். கட்டுமான இடத்தில் அந்தப் பற்றவைப்பைப் போடுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். நடுத்தகடு குறுக்கே நிற்கிறது. அதில் விட்ட துளை வழியாக ஒரு பாதியை முடித்துவிட்டு, மறுபக்கம் போய் மறுபாதியை முடிக்க வேண்டும். குறை தங்குவது சரியாக நடுவில்தான். உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க அடியில் வைக்கும் எஃகுப் பட்டையையும் எடுக்காமல் விட்டுவிடுவது அன்றைய வழக்கம். அந்தப் பட்டைக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடுக்கு, விரிசலுக்கு வாய் திறந்துகொடுத்தது போலாயிற்று. பற்றவைப்பு உலோகத்துக்கோ விரிசலைத் தடுத்து நிறுத்தும் உரம் குறைவு. நிலநடுக்கத்தில் உத்திரத்தை வளைக்கும் திருப்புத்திறன் உச்சத்துக்குப் போவதும் தூணை ஒட்டிய அதே முகப்பில்தான்.

பற்றவைப்பை மேம்படுத்துவது ஒரு தீர்வு, அதையும் செய்தார்கள். இன்னொன்றுதான் நம் விவாதப் பொருள். தூண் முகப்பிலிருந்து சற்றுத் தள்ளி, மேல்தகடு, கீழ்த்தகடு இரண்டின் ஓரங்களையும் வில்போல் வளைத்து வெட்டி எடுத்துவிடுவார்கள். ஓர் ஓரத்துக்குத் தகட்டின் அகலத்தில் கால் பங்கு வரை எடுக்கலாம். நிலநடுக்கம் வந்தால் உத்திரம் முதலில் அந்த மெலிந்த இடத்தில் வளைந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும், பற்றவைப்பு தப்பும். இப்படி வெட்டிய இணைப்பைச் சோதனைக்கூடத்தில் முன்னும் பின்னும் ஆட்டி, 0.04 ரேடியன் கோணம் வரை பலம் பெரிதாகக் குறையாமல் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 3 மீட்டர் உயரமுள்ள தளத்தில் அது 12 சென்டிமீட்டர் பக்கவாட்டு நகர்வு, லேசான காரியமில்லை. இதற்கான காப்புரிமையை வைத்திருந்த ஆர்பெட் என்ற எஃகு நிறுவனம், நார்த்ரிட்ஜுக்குப் பிறகு அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய செயல்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘குறைக்கப்பட்ட உத்திர வெட்டுமுகம்’ பிழையில்லை. ஆனால் வரைபடத்தில் எழுதவும் நீளம், தளத்தில் கூப்பிட்டுச் சொல்லவும் நீளம். அதைவிட, ‘குறைக்கப்பட்ட’ என்றதும் யாரோ எஃகை மிச்சம் பிடித்தார்கள் என்ற எண்ணம்தான் வரும். ‘நாயெலும்பு’ என்பது ‘டாக்போன்’ என்ற செல்லப்பெயரின் நேர்பெயர்ப்பு. நாய் கவ்வும் எலும்பின் அந்த வடிவம் நம் மனத்தில் படமாகப் பதிந்ததில்லை. இழுவிசைச் சோதனைக்கு வைக்கும் மாதிரித் துண்டுக்கும் ‘டாக்போன்’ என்றே பெயர் இருப்பதால் குழப்பமும் வரும்.

உடுக்கையை அறியாதவர் நம்மில் அரிது. வெட்டிய உத்திரத்தை மேலிருந்து பார்த்தால் தகடு இரு பக்கமும் அகன்று, இடையில் மெல்ல ஒடுங்கி அப்படியே இருக்கும். கூர்மூலை இல்லாத ஒடுக்கம் என்பது முக்கியம், ஏனென்றால் மூலை இருந்தால் விரிசல் அங்கே பிடித்துக்கொள்ளும். அப்புறம், உடுக்கையின் இடை ஒடுங்கியிருப்பது குறையல்ல. கை பிடிப்பதற்காகவே அப்படிச் செய்தது. இந்த வெட்டும் அப்படி வேண்டுமென்றே செய்ததுதான். அந்தக் கருத்தைச் சொல்லே சுமக்கிறது.

‘துடியிடை உத்திரம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார்; துடியும் உடுக்கைதான். அழகான சொல். ஆனால் அது பெண்ணை வருணிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. மாணவர் கவனம் பாடத்தை விட்டுப் போய்விடும். நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசும்போது ‘துடி’ என்பதைத் துடித்தல் என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

பயன்படுத்திப் பார்ப்போம்: “இந்தச் சட்டகத்தில் எல்லா உத்திரங்களுக்கும் இரு முனையிலும் உடுக்கை வெட்டு உண்டு.” “உடுக்கை வெட்டின் ஆழம் 40 மில்லிமீட்டர்.” நாக்கில் தடங்கவில்லை.

அந்த வெட்டில் உத்திரம் கீல்போல் வளையும் இடமான ‘பிளாஸ்டிக் ஹிஞ்ச்’ என்பதற்கு ‘நெகிழ்கீல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நெகிழ்வது என்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற எண்ணம் வரும். இதுவோ திரும்பாத வளைவு. ‘வளைகீல்’ என்றால் போதுமா, வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றுகிறதா?