மறுமொழி: ‘நல்’ திசைக்குத் தமிழ்: ‘கேளாமுகம்’ என்றால் என்ன?

ரேடியோச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வளைய ஆன்டெனாவைச் சுற்றிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் ஓசை சட்டென்று அடங்குகிறதே, அந்தத் திசைக்கு என்ன பெயர் என்று பண்ருட்டி நண்பர் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆங்கிலச் சொல்லை (null) அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் ‘நல்’ என்று வந்து நிற்கிறது. ‘நல் திசை’ என்று எழுதினால், நல்ல திசை என்று படித்துவிட்டு எல்லாரும் வேண்டிய நிலையத்தை அந்தப் பக்கம்தான் தேடுவார்கள். (இரைச்சலில் மாட்டியவனுக்கு அது நல்ல திசைதான் என்பது வேறு விஷயம்.)

இதுவரை இழையில் வந்த சொற்களை மறுபடி ஒரு சுற்று பார்த்தேன். ‘சுழி’ கணக்குக்குச் சரி. ஆனால் நிஜ ஆன்டெனாவில் எதுவும் சுழியம் ஆவதில்லை. 20, 25 டெசிபெல் குறைந்தால் பெரிய விஷயம். தவிர, நம் கடலோரத்தில் சுழி என்றால் ஆளை உள்ளே இழுக்கிற இடம். ‘கணு’ என்பதை நிலை அலைக்குப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டார்கள். அதே சொல்லை இங்கேயும் போட்டால் ஆன்டெனாக் கம்பியின் மேல் வருகிற கணுவையும் காற்றில் இருக்கிற திசையையும் குழப்பிக்கொள்வோம். ‘மறைவுத் திசை’ எனக்கு முதலில் பிடித்தது. மழை மறைவுப் பகுதி என்று எல்லாரும் சொல்கிறோமே. ஆனால் அங்கே குறுக்கே ஒரு மலை நிற்கிறது. இங்கே குறுக்கே எதுவுமே இல்லை. அலை வளையம் வரைக்கும் வந்துவிடுகிறது. வளையம்தான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

‘செவிட்டுத் திசை’ நான் முன்வைத்தது. லாஸ்பேட்டைச் சகோதரி தன் பையனைப் பற்றி எழுதிய இரண்டு வரியைப் படித்த அன்றே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதைப் பற்றி இனி பேச வேண்டாம்.

இப்போது புதிதாக ஒன்று: கேளாமுகம். பாராமுகம் இருக்கிறதல்லவா, அதற்குத் தம்பி.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் 40 மீட்டர் அலைநீளத்துக்கான (7 மெகாஹெர்ட்ஸ்) இருமுனைக் கம்பி (டைபோல் ஆன்டெனா) இருக்கிறது, மொத்தம் 20 மீட்டர் நீளம், நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரித்துக் கட்டியது. அதில் அடியிரைச்சல் எந்த நேரமும் எஸ் 8 (எஸ் என்பது ரிசீவரின் முள் காட்டும் வலிமை அளவு). (‘அடியிரைச்சல்’ என்று போன வருடம் இங்கேதான் முடிவு செய்தோம். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: நிலையம் எதுவும் இல்லாதபோதும் ரிசீவரில் அடியில் கிடக்கும் இரைச்சல்.) இது எவ்வளவு அநியாயம் என்பது 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரை கடந்தபோதுதான் புரிந்தது. தெருவில் மின்சாரம் இல்லை. வாசலில் முழங்கால் தண்ணீர். பேட்டரியில் ரிசீவரைப் போட்டேன். அதே கம்பி, அதே அலைவரிசை, முள் எஸ் 2-இல் கிடந்தது. நடுநடுவே மின்னல் பொரிந்தது, அவ்வளவுதான். ஓர் எஸ் என்பது 6 டெசிபெல் என்று கொண்டால் இது 36 டெசிபெல், கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு. அத்தனையும் எங்கள் தெருவே உற்பத்தி செய்தது. எல்.ஈ.டி. பல்பு, செட்-டாப் பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர், பி.எல்.டி.சி. விசிறி, இப்போது புதிதாக ஸ்கூட்டர் சார்ஜர்.

மின்சாரம் திரும்பி வந்தபோது முள் ஒரேயடியாக ஏறவில்லை. முதலில் 4, அப்புறம் 6. எதிர்ச்சாரி வீடுகளில் விளக்கு எரிந்ததும் 8. என் தெருவை நான் காதால் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வளையம் செய்தேன். ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் மிச்சமிருந்த செம்புக் குழாயை மூன்று மீட்டருக்குச் சற்று மேலாக வாங்கி ஒரு மீட்டர் விட்டமாக வளைத்தேன். பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டன்சர் (நிலையம் மாற்றத் திருகும் பாகம்) மேலே. கீழே 20 சென்டிமீட்டரில் சின்ன வளையம் ஒன்று, அதிலிருந்து கேபிள். எல்லாவற்றையும் பி.வி.சி. குழாயில் கட்டி, மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டுவைத்தேன். கையால் திருப்ப வேண்டியதுதான். கேட்பதற்கு மட்டும், ஒலிபரப்ப அல்ல.

முதலில் எல்லாமே பலவீனமாகக் கேட்டது. கம்பியில் எஸ் 9 வந்த மதுரைக் குரல் வளையத்தில் எஸ் 5 தான். சே, வேலை வீண் என்று நினைத்தேன். பிறகு சுற்றினேன். இரைச்சல் 6, 5, 4... ஒரு புள்ளியில் பொத்தென்று 1-க்கு விழுந்தது. இரண்டு விரல் அளவு தள்ளினால் மறுபடி ஏறிவிடும். மதுரைக் குரல் மட்டும் 5-லேயே இருந்தது. கம்பியில் 8-ன் மேல் 9, வளையத்தில் 1-ன் மேல் 5. எது காதுக்கு இதம் என்று சொல்லத் தேவையில்லை.

துணி காயப்போட வந்த என் மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருது?” காட்டினேன். “அங்கதானே முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது? முகத்தைக் காட்டுது, காதைக் கொடுக்க மாட்டேங்குதா?”

அங்கேதான் இந்தச் சொல் பிறந்தது. வளையம் செய்த எவருக்கும் முதலில் குழப்புவது இதுதான். டி.டி.எச். தட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு, வட்ட முகத்தை எங்கே காட்டுகிறோமோ அங்கிருந்துதான் வாங்கும் என்று தோன்றும். சிறு வளையம் நேர்மாறு. விளிம்பு பார்க்கும் திசையில் நன்றாகக் கேட்கும்; வட்ட முகம் பார்க்கும் திசையில் கேட்காது. முகம் இருக்கிறது, ஆனால் கேளாமுகம். முன்னும் பின்னுமாக இரண்டு. சொல்லைச் சொன்னாலே வளையத்தை எப்படி நிறுத்துவது என்பது வந்துவிடுகிறது: இரைச்சலுக்கு முகத்தைக் காட்டு.

இனி, தனிமடலிலும் இங்கேயும் வந்த எதிர்ப்புகள்.

> இருமுனைக் கம்பிக்கு இது கம்பியின் நுனிப் பக்கம் அல்லவா? அங்கே முகம் ஏது?

உண்மை. ஆனால் தமிழில் முகம் மூஞ்சி மட்டும் இல்லையே. கிழக்கு முகமாக உட்கார் என்கிறோம். கம்பியின் கேளாமுகம் வடக்கும் தெற்கும் என்றால் யாரும் கம்பிக்கு மூக்கைத் தேட மாட்டார்கள்.

> ஆன்டெனா வாங்கவும் செய்யும், வீசவும் செய்யும். கேட்காத திசையில் அது வீசவும் வீசாது. ‘கேளா’ என்றால் பாதிதான் சொன்னதாகும்.

இது முதுநகர் ஐயாவின் கேள்வி. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர் கேட்கும்போது யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஐயா, ஆன்டெனாவுக்கே நாம் ‘அலைவாங்கி’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். வாங்கி என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஒலிபரப்பிக்கொண்டும் இருக்கிறோம். யாருக்கும் தடங்கல் இல்லை. அதோடு இந்தத் திசையை நாம் தேடிப் போவது பெரும்பாலும் கேட்பதற்காகத்தான். நீங்களே சொன்னீர்களே, கப்பலில் திசை காண வளையத்தைத் திருப்பும்போது ஓசை அதிகமாகும் இடத்தைப் பார்க்க மாட்டோம், அடங்கும் இடத்தைத்தான் பார்ப்போம் என்று. காரணமும் எளிது. உச்சத்திலிருந்து 30 பாகை திருப்பினாலும் ஒன்றேகால் டெசிபெல்தான் குறையும், காதுக்கே தெரியாது. கேளாமுகத்தின் பக்கத்தில் 10 பாகையிலிருந்து 5 பாகைக்கு வந்தாலே 6 டெசிபெல் விழும்.

நம்மில் பாதிப் பேர் இதைச் சின்ன வயதிலேயே செய்திருக்கிறோம். இரவில் சிலோன் தேடும்போது வேறொரு நிலையம் மேலே ஏறினால் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திருப்பி வைப்போமே. உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியின் நுனி தொந்தரவு நிலையத்தைப் பார்த்ததும் அது அடங்கும். அந்தக் கால வேலைக்கு இன்றைக்குப் பெயர் வைக்கிறோம்.

> சத்தத்தை வெட்டினால் அதே திசையிலிருக்கும் நிலையமும் போய்விடாதா?

இது நல்ல கேள்வி. 40 மீட்டரில் மதுரையோ கோவையோ நமக்குத் தரை வழியாக வருவதில்லை. மேலே அயனி மண்டலத்தில் பட்டு, செங்குத்தான கோணத்தில் இறங்குகிறது. வளையம் நிமிர்ந்து நிற்பதால் தலைக்கு மேலிருந்து வருவது அதன் விளிம்பு வழியாகத்தான் வருகிறது, அதாவது நன்றாகக் கேட்கும் பக்கம். அடுத்த வீட்டு அடாப்டர் தரையோடு தரையாக வருகிறது. முகத்தில் மோதி நின்றுவிடுகிறது. ஆகவே கேளாமுகம் என்பது ஒரு பக்கம் முழுவதும் எழுப்பிய சுவர் இல்லை. தொடுவானத்தை ஒட்டிய ஒரு திசை. வரையறையில் இதைச் சேர்க்க வேண்டும்.

பலவீனமாகக் கேட்கிற ஆன்டெனா எப்படி நல்ல ஆன்டெனா ஆகும் என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையின்படி 7 மெகாஹெர்ட்ஸில் குடியிருப்புப் பகுதி இரைச்சல், அமைதியான நாட்டுப்புற இரைச்சலைவிடச் சுமார் 20 டெசிபெல் அதிகம். நம் ரிசீவரின் சொந்த இரைச்சல் இரண்டுக்கும் வெகு கீழே. அதனால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்து குறைந்தால் இழப்பு ஒன்றுமில்லை, ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். இரைச்சல் கூடுதலாகக் குறைந்தால் லாபம். 1921-இல் காப்புரிமை பெற்ற பெவரேஜ் ஆன்டெனாவின் கதையும் இதுதான், தாழக் கட்டிய நீளக் கம்பி, குறைவாகத்தான் வாங்கும், சுத்தமாக வாங்கும். அது நல்ல மண்ணைவிட மோசமான மண்ணில் சிறப்பாக வேலை செய்யும் என்பதால் பண்ருட்டி முந்திரித் தோப்பு மணலுக்குப் பொருத்தம். எங்கள் தெருவில் 80 மீட்டர் கம்பியை நீட்ட வேண்டுமானால் ஏழு வீட்டு மாடியில் அனுமதி கேட்க வேண்டும்.

> முகத்துக்கு ஏது ஆழம்? “கேளாமுகத்தின் ஆழம் 24 டெசிபெல்” என்று எப்படி எழுதுவது?

இதில்தான் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். கடைசியில் பதில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கிடைத்தது. கழிமுகம், முகத்துவாரம். அந்த முகத்துக்கு ஆழம் உண்டு. ஆழம் போதவில்லை என்றால் படகு தட்டுகிறது. மணல் வந்து மூடினால் முகத்துவாரம் தூர்ந்துபோச்சு என்கிறோம். இது இரட்டை லாபம், ஏனென்றால் தூர்வதற்கும் நமக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. கேபிளின் வெளி உறை வழியாக வீட்டு இரைச்சல் ஏறி வந்தால் கேபிளே ஒரு ஆன்டெனா ஆகிவிடும். வளையத்தை எப்படித் திருப்பினாலும் முள் இறங்காது. அப்போது கேளாமுகம் தூர்ந்துவிட்டது என்று எழுதலாம். என்னுடையதும் முதல் வாரம் தூர்ந்துதான் கிடந்தது. இரைச்சலைத் தடுக்கும் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றிய பிறகுதான் அந்த எஸ் 1 வந்தது.

‘காந்த வளையம்’ என்ற பெயரையும் கைவிடலாம் என்று கூடவே கேட்டுக்கொள்கிறேன். காந்தப் புலத்தை மட்டும் வாங்கும், மின் இரைச்சலை வாங்காது என்று அந்தப் பெயரை வைத்தே கடைக்காரர்கள் விற்கிறார்கள். அந்த வித்தியாசம் மூலத்திலிருந்து அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரத்துக்குள்தான், 40 மீட்டரில் ஏறக்குறைய 7 மீட்டர். அதைத் தாண்டினால் மின் புலமும் காந்தப் புலமும் சேர்ந்தேதான் வரும். நம்மைக் காப்பாற்றுவது காந்தம் இல்லை, கேளாமுகம். ‘சிறு வளையம்’ போதும்.

ஒரு கேளாமுகம் ஒரு திசைக்குத்தான் ஆகும். நான்கு பக்கமும் அடாப்டர் இருந்தால் பெரிய அடாப்டரைப் பார்த்து நிறுத்திவிட்டு மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது மூலத்தைத் தேடிப் போக வேண்டும். நான் தேடிப் போனேன். முகம் காட்டிய திசையில் பக்கத்து வீடு, அக்கா வீட்டுச் சாமி அலமாரியில் ஓடும் சீரியல் லைட்.

“அக்கா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?”

“சாமி லைட்டையா அணைக்கச் சொல்ற தம்பி?”

அணைக்கச் சொல்லவில்லை. அடாப்டரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றேன். வீட்டில் கிடந்த, கனமான பழைய டிரான்ஸ்பார்மர் வகை ஒன்று சரியாகப் பொருந்தியது. லைட் ஓடுகிறது, இரைச்சல் இல்லை, எனக்கு ஒரு டம்ளர் காபியும் கிடைத்தது.

வளையத்தின் கேளாமுகம் இப்போது எதிர்ச்சாரி சோலார் இன்வெர்ட்டரைப் பார்த்து நிற்கிறது. அங்கே போய்ப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆட்சேபம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ‘கேளாமுகம்’, ‘ஆழம்’, ‘தூர்தல்’ மூன்றையும் ஏற்றிவிடுகிறேன்.