வெள்ள நிவாரண மீதித் தொகையும் ஒருவர் பெயரில் இருக்கும் கணக்கும்

தென்பெண்ணைக் கரை, காவேரிப்பட்டணம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோது, அதுவரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரத்தக் கொடையாளர்களைத் தேடித் தருவதற்காக மட்டும் இயங்கிவந்த நம் வாட்ஸ்அப் குழு முதன்முறையாகப் பணம் திரட்டியது. அரிசி, போர்வை, பாத்திரம், பாடப்புத்தகம் என வாங்கிக் கொடுத்தது போக ஒரு தொகை மீந்து, இன்றும் பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது. அதைக் குழுவின் இணையதளச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போது ஒரு யோசனை வந்துள்ளது. இதை நான் எதிர்க்கிறேன். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தைச் சர்வர் வாடகைக்குச் செலவிட, கொடுத்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. அத்துடன், இனி எந்த வசூலும் தனி ஒருவர் கணக்கில் நடக்கக் கூடாது, இருவர் கையொப்பத்தில் இயங்கும் பொதுக் கணக்கில்தான் நடக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதியமான் நாடு, தர்மபுரி

கரை அண்ணனின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் வழி குழுவை முடக்கிவிடும். அந்த வாரம் பணம் வந்து குவிந்தது பொருளாளரின் முகத்துக்காக. பல ஆண்டுகளாக நள்ளிரவிலும் அழைப்பை எடுத்தவர் அவர் என்பது மக்களுக்குத் தெரியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு விடியற்காலையில் இரத்தம் தேவைப்பட்டு, பாலக்கோட்டிலிருந்து கொடையாளர் ஆட்டோவில் வந்து இறங்கினால், வாடகை கொடுக்க இரண்டு பேர் கையொப்பத்துக்குக் காத்திருக்க முடியுமா? பொதுக் கணக்குக்காகக் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், தணிக்கையாளர் கட்டணம், பொதுக்குழு, தேர்தல் என்று வரிசையாக வரும். பதவி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் போட்டியும் வரும். கட்சிக்காரர்களும் சாதிக்காரர்களும் உள்ளே வருவார்கள். அப்படிச் சிதைந்த நல்ல அமைப்புகளை இந்த மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். செலவுச் சீட்டுகளைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டாலே போதுமானது.

கணக்கர், கிருஷ்ணகிரி

பொருளாளரின் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் நேர்மையானவர் என்பதாலேயே அவரை இந்தச் சுமையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறேன்.

வருமான வரிச் சட்டத்தின்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் அன்பளிப்பு மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். அது தன் பணமல்ல, பிறருக்காக வாங்கியது என்று ஆவணங்களோடு மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையிலேயே விழும். இன்னொன்று: முகம் தெரியாத யாரோ மோசடியில் கிடைத்த பணத்தை யூபிஐ மூலம் அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டால், சைபர் குற்றப் புகாரின் பேரில் கணக்கை முடக்க முடியும், அப்போது நிவாரணப் பணத்தோடு அவருடைய சம்பளமும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் சேர்ந்து நிற்கும். நாளை அவருக்கே ஏதேனும் நேர்ந்தால், வங்கி அந்தப் பணத்தை நியமனதாரரிடமோ வாரிசுகளிடமோ கொடுக்குமே தவிர, நம் குழுவிடம் கொடுக்காது. துக்க வீட்டில் போய் அந்தக் கணக்கை எப்படிக் கேட்பீர்கள்?

அதியமான் அவர்கள் அஞ்சுவதுபோல், கணக்கைத் தொடங்குவதற்காக உடனே சங்கமாக வேண்டியதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம் என்பது ஒரு வழி. பதிவு செய்யாத அமைப்பாகவே தீர்மானம் எழுதி, பான் எண் பெற்று, இருவர் கையொப்பத்தில் இயங்கும் கணக்கைத் தொடங்க வங்கி விதிகள் இடம் தருகின்றன என்பது மற்றொன்று. இப்போதைக்கு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்; உறுப்பினர் எண்ணிக்கையையும் வரவு செலவையும் பொறுத்துப் பதிவு கட்டாயமாகுமா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வோம். ஆனால் நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை (80ஜி என்று சொல்லப்படுவது) கிடைக்கும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கு வருமான வரித் துறையின் ஒப்புதல் தனியாக வேண்டும்.

நம் ஊர் மொய் நோட்டைப் பாருங்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார், இன்னொருவர் எழுதுகிறார். இருவரும் உறவினரே ஆனாலும் இரண்டு வேலையையும் ஒருவரிடம் விடுவதில்லை. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஊத்தங்கரை ஆசிரியை

செலவுச் சீட்டுகளைப் போட்டால் போதும் என்று அதியமான் எழுதியதால் நான் பேச வேண்டியிருக்கிறது. அன்று குழுவில் போடப்பட்டவை சீட்டுகள் மட்டுமல்ல. அரிசிப் பையை வாங்குபவர்களின் படங்களும் இருந்தன. அவர்களில் என் மாணவியின் தாயும் ஒருவர். சேறு படிந்த புடவையோடு கைநீட்டி நிற்கும் அந்தப் படம் பல குழுக்களுக்குப் பரவி, வகுப்புப் பிள்ளைகளின் கைப்பேசி வரை வந்து சேர்ந்தது. அந்த மாணவி பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கான விலையை வாங்கியவர்களிடம் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. எந்தத் தெருவில் எத்தனை குடும்பங்களுக்கு என்ன பொருள், எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதினால் போதாதா? பெயர்ப் பட்டியலை இருவர் மட்டும் சரிபார்த்து வைத்துக்கொள்ளட்டும். மருத்துவ உதவிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நோயாளியின் அறிக்கையைப் பொதுவில் போடும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள்.

அதியமான் நாடு, தர்மபுரி

ஆசிரியை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இருவர் கையொப்பக் கணக்கையும் ஏற்கிறேன், ஆனால் பதிவு வேண்டாம் என்ற நிலையில் மாற்றமில்லை. மீதித் தொகையைப் பற்றி மட்டும் கேட்கிறேன்: இணையதளம் நின்றுபோனால் கொடையாளர் பட்டியலும் நின்றுபோகும். இரத்தம் கிடைக்காமல் ஓர் உயிர் போவதும் பேரிடர்தானே?

தென்பெண்ணைக் கரை, காவேரிப்பட்டணம்

பேரிடர்தான், தம்பி. அதை வெளிப்படையாகச் சொல்லி, இணையதளத்துக்கென்றே தனியாகக் கேளுங்கள். முதல் ஆளாக நான் தருகிறேன். தளத்தின் பெயர் இன்னும் தனி ஒருவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருப்பதையும் அப்போதே மாற்றிவிடலாம். வெள்ளப் பணத்தைப் பொறுத்தவரை, கொடுத்தவர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பிச் சம்மதம் கேட்போம். பதில் தராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், அவர்களின் பங்கை அடுத்த மழை வெள்ளத்துக்கென்று புதுக் கணக்கிலேயே ஒதுக்கி வைப்போம்.

ஓசூர் வாசகன்

என்னுடன் பணிபுரிந்த இருவர் வெளிநாட்டிலிருந்து உதவ விரும்புகிறார்கள். ஒருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. மற்றவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார். இருவரிடமும் வாங்கலாமா?

கணக்கர், கிருஷ்ணகிரி

முதலாமவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். இரண்டாமவரிடம் வாங்கக் கூடாது. தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே அதை வாங்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவையும் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் வழியாகத்தான் பெற முடியும். ஊரிலுள்ள உறவினர் பெயரில் அனுப்பச் சொல்லும் குறுக்கு வழியையும் நாம் சொல்லித்தரக் கூடாது.

ஆட்டோ வாடகைக்கான கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. ஒரு சிறு தொகையை முன்பணமாகப் பொருளாளர் கையில் வைக்கலாம். செலவானதற்குச் சீட்டு கொடுத்த பிறகு, செலவான அளவுக்கு மட்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை இரவில் வண்டி பிடிப்பவர்கள் சொல்லட்டும்.

அதியமான் நாடு, தர்மபுரி

அரூர், பென்னாகரம், அஞ்செட்டி தன்னார்வலர்களிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதுகிறேன். அஞ்செட்டியிலிருந்து இரவு வண்டிக்கு ஆகும் வாடகை தர்மபுரி நகருக்குள் ஆகும் வாடகையைப் போல் இருக்காது. எனவே இரு மாவட்டத்துக்கும் ஒரே தொகை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.