மறு: பெர்சிஸ்டென்ஸுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

> டேட்டா பெர்சிஸ்டென்ஸுக்கும் "விடாமுயற்சி"னே போட்டுடலாமே, அகராதில அதான இருக்கு

விடாமுயற்சி ஆளுக்குங்க, டேட்டாவுக்கு இல்ல. பெர்சிஸ்டென்ஸ்னா ப்ரோக்ராம் நின்னாலும் டேட்டா அழியாம இருக்குற மாதிரி சேமிச்சு வைக்கிறது. கரன்ட் போனாலும் டிஸ்க்ல இருக்குற டேட்டா ஒரு முயற்சியும் பண்றதில்ல, சும்மா கிடக்குது.

சீனத்துல இதை அழகா பிரிச்சிருக்காங்க. மனுஷன் ஒரு காரியத்தை விடாம செய்றதுக்கு அவங்க சாதாரணமா சொல்றது ஜியென்ச்சி. ஜியென்னா கெட்டி, அந்த எழுத்துக்கு அடியில மண்ணுக்கான குறி இருக்கும். ச்சின்னா பிடிச்சிக்கிறது, எழுத்தோட இடது பக்கம் கை, வலது பக்கம் இருக்குறது வெறும் ஓசைக்காக, அது தனியா நின்னா இன்னைக்கு கோயில்னு அர்த்தம், அதை வச்சு யாராவது பக்தி கதை கட்டினா நம்பாதீங்க :) ஆக மொத்தம் கெட்டியா பிடிச்சிக்கிறது, அதுல முயற்சியே இல்ல.

கம்ப்யூட்டருக்கு வரும்போது ஜியென்னை கழட்டிட்டு, ச்சியோட ஜியூ (நெடுநாள்), ஹுவா (ஆக்குதல்) ரெண்டையும் சேர்த்து ச்சிஜியூஹுவான்னு வச்சிக்கிட்டாங்க. ச்சிஜியூ அதுக்கு முன்னாடியே புழக்கத்துல இருந்ததுதான், 1938ல மாவோ யெனான்ல பேசின "நீடித்த யுத்தம் பற்றி"ங்கிற உரையோட தலைப்புலயும் அதே சொல்லுதான். கடைசில ஹுவாவுக்கு பதிலா ஷிங் (தன்மை) போட்டா ட்யூரபிலிட்டி (ஒரு தடவை பதிஞ்ச டேட்டா அழியாம நிக்கிற தன்மை), அதாவது டேட்டாபேஸுக்கான ஏசிஐடி விதிகள்ல வர்ற அந்த டி. ஒரே வேர்ல ரெண்டு டெர்மும் முடிஞ்சிது, நமக்கும் இது மாதிரி ஒரு வேர் வேணும்.

> நீடிப்பு?

கால நீட்டிப்போட குழம்பும். எனக்கு "நிலை" பக்கம்தான் சாய்வு. சீனத்துலயே இன்னொரு பழைய சொல் ஹெங்சின், நிலையான மனசு. நிலையான பிழைப்பு இல்லாத மக்களுக்கு நிலையான மனசும் இருக்காதுன்னு பழைய சீன தத்துவஞானி மென்சியஸ் ச்சிங்கிற நாட்டு (இது வேற ச்சி) அரசன்கிட்ட சொன்னாரே, அந்த சொல். கணக்குல வர்ற முற்றொருமைக்கும் (எந்த மதிப்பு போட்டாலும் பொருந்துற சமன்பாடு) அதே ஹெங்தான் போடுறாங்க, அதனால மனசுக்கும் கணக்குக்கும் ஒரே வேர் ஓடும்னு தெரியுது.

அதனால என் ஓட்டு: பெர்சிஸ்டென்ஸ் = நிலைக்கவைத்தல், ட்யூரபிலிட்டி = நிலைப்புத்தன்மை, பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜ் = நிலைத்த சேமிப்பு. நிலைப்பாடு வேண்டாம், கட்சி அறிக்கை மாதிரி ஆயிடும்.

> தக்கவைத்தல்னு ஏற்கனவே இருக்கே

அது ரிடென்ஷனுக்கு போயாச்சு. 30 நாள் லாக் (நிகழ்வுப் பதிவு) வச்சிருந்து அழிக்கிறோமே, அது தக்கவைத்தல், எவ்வளவு நாள் வச்சிருக்கணும்ங்கிற பாலிசி. பெர்சிஸ்டென்ஸ் டேட்டாவை மெமரில இருந்து டிஸ்க்குக்கு கொண்டு போற வேலை, ரெண்டும் வேற. ஜாவால டேட்டாபேஸோட பேசுறதுக்கு இருக்குற ஜேபிஏல பெர்சிஸ்ட்னு ஒரு மெதட் இருக்குல்ல, அதை "நிலைக்கவை"னு சொல்லிப் பாருங்க, கட்டளையா சரியா உக்காருது. "விடாமுயற்சி செய்"னு போட்டா சர்வரே சிரிச்சிரும்.

ட்யூரபிலிட்டிக்கு மட்டும் இன்னும் சின்னதா யாருக்காவது தோணுச்சுன்னா சொல்லுங்க, மத்த ரெண்டையும் கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடலாம்.