புதுப்பிப்பு: எதிரணிக் கல்லூரிக்கு மாறினால் ஸ்காலர்ஷிப் போகுமா? (விடை கிடைத்தது)

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரே கான்ஃபரன்ஸுக்குள் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) எதிரணிக்கு மாறினால் ஆடும் தகுதியும் ஸ்காலர்ஷிப்பும் என்ன ஆகும், ஆட்டக்காரர் பேக்கர் மேஃபீல்டுக்கு ஏன் ஒரு வருடம் பறிபோனது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. "என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பு) விதியை விடுங்க, கான்ஃபரன்ஸ் விதியைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னார், அதில்தான் விடை இருந்தது.

2013-ல் மேஃபீல்டு டெக்சாஸ் டெக் கல்லூரியில் வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்தவர். 2014-ல் ஓக்லஹோமாவுக்குப் போனார். இரண்டுமே அப்போது பிக் 12 என்ற கான்ஃபரன்ஸில் இருந்தன. ஒரு சீசன் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அது போதாதென்று பிக் 12 விதிப்படி ஆடும் தகுதியிலும் ஒரு வருடம் வெட்டு. ஸ்காலர்ஷிப்பே தராத கல்லூரியை விட்டுப் போனதற்கு இந்தத் தண்டனை! 2016 ஜூனில் பிக் 12-ல் இந்த விதியைத் தளர்த்தும் வாக்கெடுப்பு 5-5 என்று தோற்றது. மறுநாள், எழுத்துபூர்வமாக ஸ்காலர்ஷிப் தரப்படாத வாக்-ஆன்களுக்கு மட்டும் என்று திருத்தினார்கள், 7-3-ல் தேறியது. இழந்த வருடம் திரும்பக் கிடைத்தது. அந்த 2017 சீசனில்தான் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

ஸ்காலர்ஷிப் பற்றி: முன்பு பழைய கல்லூரி அனுமதிக்காவிட்டால் புது இடத்தில் முதல் வருடம் கிடையாது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்புபவர்களின் பெயரைப் பதியும் என்.சி.ஏ.ஏ. பட்டியல்) வந்ததும் அது ஒழிந்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாக்கினார்கள்.

எதிர்பாராதது ஒன்று: போர்ட்டலில் பெயர் கொடுத்தாலே, அந்தப் பருவ முடிவில் ஸ்காலர்ஷிப்பை நிறுத்த பழைய கல்லூரிக்கு விதி இடம் கொடுத்தது. புது இடம் அமையாதவர் பாடு திண்டாட்டம்தான்.